மூன்று வண்டிக் காய்கறி

காரைக்குடி செக்காலை ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது அந்த அலுவலகம். ஐந்து நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி. ஒன்பது வருஷமாக அங்கே எல்லாமே சரவணக்குமார்தான். தங்க ஆசாரி வைரவனின் மூத்த மகன். உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தான். புத்தகம் வாங்கி, வீடியோ பார்த்து, சந்தேகம் கேட்க ஆளில்லாமல் தானே முட்டி மோதிப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவன்.

முதலாளி சத்தியப்பிரியா அவனைக் கண்டுபிடித்தது அந்தக் கடையில்தான். இளைய தம்பிக்குப் பத்திரிகை அடிக்க வந்தவள், மூத்த தம்பி கல்யாணத்தில் சமையல்காரர் காய்கறியைக் குறைத்துப் போட்டு, பாதிப் பந்தியில் அவியல் தீர்ந்துபோன கதையைச் சொன்னாள். "இதுக்கு ஒரு சாப்ட்வேர் போட்டா என்ன மேடம்?" என்று சரவணன் சும்மாதான் கேட்டான். கேட்ட வாயை மூடுவதற்குள் வேலை கிடைத்துவிட்டது.

அந்த சாப்ட்வேருக்குப் 'பந்தி' என்று பெயர் வைத்ததும் அவன்தான். சமையல் கான்ட்ராக்டர் தன் கைபேசியில் எத்தனை இலை, என்னென்ன பதார்த்தம் என்று போட்டால் போதும். எத்தனை கிலோ சேனை, எத்தனை தேங்காய், எத்தனை கட்டு வாழையிலை என்று பந்தி பட்டியல் போட்டுவிடும். பிறகு மண்டி, மளிகை, தயிர், இலை என்று ஒவ்வொரு கடையின் கம்ப்யூட்டரோடும் பேசி, சரக்கு இருக்கிறதா என்று கேட்டு, ஆர்டரையும் கொடுத்துவிடும். தேவகோட்டை, புதுக்கோட்டை, மதுரை வரை நூற்றுச் சொச்சம் கான்ட்ராக்டர்கள் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். அத்தனை பேரும் 'சரவணா' என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம்.

அவன் மனைவி ராஜப்ரியாவின் தம்பி ஸ்ரீதர், பெங்களூரில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். போன மாசியில் அவன் இருந்த கம்பெனி ஒரே நாளில் அறுபது பேரை வேலையைவிட்டு அனுப்பியது. அதில் அவனும் ஒருத்தன். ஊருக்கு வந்தவன் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே தலைகாட்டவில்லை. ராஜப்ரியா கண்ணைக் கசக்கவும், சரவணன்தான் சத்தியப்பிரியாவிடம் போய்ச் சொன்னான். "என் மச்சினன் மேடம். கெட்டிக்காரன். நமக்கும் ஆள் வேணும்ல."

சொன்ன நாக்கை அப்புறம் எத்தனையோ தடவை கடித்துக்கொண்டான்.

ஸ்ரீதர் கெட்டவனாக இருந்திருந்தால் சரவணனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் குரலை உயர்த்த மாட்டான். எதற்கும் 'அத்தான், அத்தான்' என்று வந்து நிற்பான். யாராவது கேள்வி கேட்டால், "எனக்குத் தெரியல, பாத்துச் சொல்றேன்" என்பான். என்ன அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள். அதையே சரவணன் சொன்னபோது, "உங்களுக்கே தெரியலையா?" என்று சத்தியப்பிரியாவின் முகம் வாடியது. தெரியாது என்று சொல்வதற்குக்கூட ஒருத்தன் பெங்களூர் போய்வந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

வீட்டிலும் அதே கதைதான். ஸ்ரீதர் அடுத்த தெருவில் அப்பா அம்மாவோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. டி.வி.யில் படம் நின்று நின்று வந்தால் முன்பெல்லாம் ராஜப்ரியா, "என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். இப்போது, "தம்பி வரட்டும்" என்றாள். ஐந்தாவது படிக்கும் மகள் கீர்த்தி கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தாண்டி மாமாவிடம் போனாள். ஸ்ரீதர் இலையில் ஒரு கரண்டி கூட்டு அதிகமாக விழுவதைக்கூடச் சரவணன் கவனித்தான். கவனித்ததற்கு வெட்கப்பட்டான். அடுத்த ஞாயிறு மறுபடியும் கவனித்தான்.

ஆவணி பிறந்தது. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். அந்த வருஷம் பந்தியில் புதிதாகப் பதினோரு கடைகள் சேர்ந்திருந்தன. இருநூறு இலைக் காதுகுத்துக்கு அரை நிமிஷத்தில் முடிகிற வேலை, ஆயிரத்தைந்நூறு இலைக் கல்யாணத்துக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் இழுத்தது. கான்ட்ராக்டரின் கைபேசிக்கும் இவர்களுடைய புரோகிராமுக்கும் நடுவில், வாசல் காவல்காரன் மாதிரி ஒரு சர்வர் உண்டு. அறுபது விநாடிக்கு மேல் அது யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டு, கைபேசியில் 'டைம்அவுட்' என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிடும்.

கான்ட்ராக்டர்கள் போன் மேல் போன் போட்டார்கள்.

"சரவணா, ஆர்டர் போச்சா, போகலையா?"

சரவணன் உள்ளே பார்த்துவிட்டு, "போயிருச்சுண்ணே. கதவுதான் சாத்துச்சு, வேலை நடந்துருச்சு. மறுபடி அமுக்கிராதீக" என்பான். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னான்.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தேவகோட்டைக்காரர் ஒருவர் பொறுமை கெட்டு இரண்டாந்தடவை அமுக்க, இரண்டு பங்கு வாழையிலை வந்து இறங்கியது. ஒரு தடவை அமுக்கினால் பத்து நிமிஷத்துக்குப் பட்டன் அசையாதபடி சரவணன் பூட்டுப் போட்டது அதற்குப் பிறகுதான். பத்து நிமிஷம் கழித்து அமுக்கிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

இப்போது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தான். நூற்றிருபது விநாடி ஆக்கினான். முந்நூறு ஆக்கினான். தங்கள் புரோகிராமில் என்ன வேண்டுமானாலும் மாற்றலாம். வாடகைக்கு எடுத்த அந்த வாசல் சர்வர் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அறுபதாவது விநாடியில் டாண் என்று சாத்தியது.

திங்கட்கிழமை சத்தியப்பிரியா சொன்னாள். "ஸ்ரீதர், நீங்க ஒரு பார்வை பாருங்களேன். சரவணனுக்குப் போன் எடுக்கவே நேரம் சரியா இருக்கு."

பின்பாதியை அவள் ஆறுதலுக்குத்தான் சேர்த்தாள். முன்பாதியைவிட அதுதான் சரவணனை அதிகமாகச் சுட்டது.

ஸ்ரீதர் இரண்டு நாள் புரோகிராமைப் படித்துக்கொண்டே இருந்தான். புதன்கிழமை காலையில் வெள்ளைப் பலகை முன்னால் போய் நின்றான்.

"கதவை எம்புட்டு நேரம் தொறந்து வைக்கிறதுன்னே பாத்துக்கிட்டு இருக்கோம் அத்தான். ஆளு எதுக்கு வாசல்லயே நிக்கணும்? பட்டியலை வாங்குன கையோட ஒரு டோக்கன் நம்பரைக் குடுத்து அனுப்பிருவோம். அது ஒரு விநாடி வேலை. உள்ள வேலை அது பாட்டுக்கு நடக்கட்டும். போன் அஞ்சு விநாடிக்கு ஒருக்கா வந்து, 'இந்த டோக்கன் என்னாச்சு'ன்னு கேட்டுக்கிரும். அதே டோக்கன் ரெண்டாந்தடவை வந்துச்சுன்னா, புதுசா வேலை ஆரம்பிக்கக் கூடாது, பழைய பதிலையே சொல்லணும். அம்புட்டுத்தான்."

"பேங்க்ல டோக்கன் வாங்கிட்டு உக்காந்துக்கிற மாதிரி!" என்று சத்தியப்பிரியா கையைத் தட்டினாள். "எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம் குடுங்க மேடம். ஒவ்வொரு கடையாச் சோதிக்கணும்."

சரவணன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த யோசனை என் மண்டையிலும் இருந்ததுதானே, மூன்று வருஷத்துக்கு முன் மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது நினைத்ததுதானே என்று தோன்றியது. சத்தியம் செய் என்று யாராவது கேட்டிருந்தால் தயங்கியிருப்பான். ஆனால் யாரும் கேட்கவில்லை. அதனால் மத்தியானத்துக்குள் அவனுக்கு அது உறுதியாகிவிட்டது. என் யோசனையை இவன் சொல்லிவிட்டான்.

"ரெண்டு வாரத்துல ஆவணியே முடிஞ்சிரும்" என்றான்.

"அதுவும் சரிதான் அத்தான். ஆனா அவசரப்பட்டோம்னா..." என்று ஸ்ரீதர் இழுத்தான்.

நானா அவசரக்காரன் என்று சரவணனுக்கு உள்ளே கொதித்தது.

அன்று மத்தியானமே உட்கார்ந்து வேறு ஒரு வழியை எழுதினான். சின்ன வேலைதான். கதவு சாத்தினால் கைபேசி தானாகவே மறுபடி தட்டும். முதல் தட்டலையும் சேர்த்து மூன்று தடவை வரை தட்டும். நடுநடுவே பட்டியல் முடிந்துவிட்டதா என்று பார்த்து, முடிந்திருந்தால் பச்சை டிக் காட்டும். கான்ட்ராக்டருக்குச் சிவப்பு எழுத்தே கண்ணில் படாது.

அவன் முன்பு போட்ட பூட்டு பட்டனை அமுக்குகிற விரலைத்தான் தடுக்கும். இந்தத் தட்டலோ பட்டனுக்கு அடியில் போகிற வழி. ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே ஒரு முழு வேலை முதலிலிருந்து தொடங்கும் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா என்ன? ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் மறுபடி அமுக்காதீர்கள் என்று சொன்னவன் அவன்தான். அன்றைக்கு அந்த அறிவெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று பின்னால் பலதடவை யோசித்துப் பார்த்தான். மச்சினனுக்கு முந்த வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் அன்று மண்டையை அடைத்துக்கொண்டிருந்தது.

பெரிய பட்டியல் ஒன்றைப் பொய்க் கடைகளை வைத்துச் சோதித்தான். பச்சை டிக் வந்தது. அந்தப் பொய்க் கடைகளில் எத்தனை ஆர்டர் விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை ஸ்ரீதர் அப்பாவுக்குக் கண் காட்ட மதுரைக்குப் போயிருந்தான். காலை பதினோரு மணிக்குச் சரவணன் தன் புரோகிராமை ஏற்றிவிட்டான்.

மத்தியானத்துக்குள் போன் ஓய்ந்தது. மூன்று மணிக்குச் சத்தியப்பிரியா வெளியே வந்து, "என்ன சத்தத்தையே காணோம்?" என்றாள்.

"டைம்அவுட்டைச் சரி பண்ணிட்டேன் மேடம்."

"இன்னைக்கேவா? அதான் பழைய கைங்கிறது!"

சாயங்காலம் கொப்புடையம்மன் கோயில் பக்கம் போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ராஜப்ரியா ஆச்சரியப்பட்டாள். "என்ன விசேஷம்?"

"ரெண்டு வாரம் ஆகும்னு உன் தம்பி சொன்ன வேலையை ஒரே நாள்ல முடிச்சிட்டேன்."

"அவன் இன்னைக்கு மதுரைக்குல்ல போயிருந்தான்?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். சரவணன் முகம் கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீதர் வந்ததும், "போனே வரலையே அத்தான், என்ன பண்ணுனீக?" என்றான். "சின்ன வேலைதான். அப்புறம் சொல்றேன்" என்று சரவணன் திரையைத் திருப்பிக்கொண்டான். அன்று முழுக்க அவன் மனசுக்குள் மேளம் கொட்டியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழச்சிவல்பட்டியிலிருந்து போன் வந்தது. பேசியவர் சேவுகப்பெருமாள். சுற்றுவட்டாரத்தில் பெரிய சமையல் கான்ட்ராக்டர். மறுநாள் அங்கே ஒரு நகரத்தார் வீட்டில் கல்யாணம், ஆயிரத்து அறுநூறு இலை.

"சரவணா, உடனே கெளம்பி வா. காய்கறி வந்துருச்சு."

"நல்லதுதானண்ணே?"

"எங்குட்டு நல்லது? மூணு தடவை வந்துருச்சு. இன்னும் தயிரு வேற வருதாம்."

சரவணன் பைக் சாவியை எடுத்தான். தனியாகப் போகத்தான் பார்த்தான். சத்தியப்பிரியா, "ரெண்டு பேரும் போங்க" என்றாள். ஸ்ரீதர், "ரெண்டு நிமிஷம் அத்தான்" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, யாரிடமோ போனில் பேசிவிட்டு, பின்சீட்டில் ஏறிக்கொண்டான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தாண்டிப் போனார்கள்.

கல்யாண வீட்டுத் தெருவில் மூன்று குட்டியானை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வீட்டின் இரண்டாங்கட்டு முழுக்கச் சாக்கு. சின்ன வெங்காயம், சேனை, வாழைக்காய், முருங்கைக்காய் எல்லாமே மும்மூன்று குவியல். தக்காளிக் கூடைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டு கிடந்தன. கோலம் போட வந்த பெண்கள் கூடைகளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கல்யாண வீட்டு ஆச்சி ஒரு தூணோரம் நின்று, "இம்புட்டு மாங்காயையும் யாரு திங்கிறது? கல்யாணம் ஒண்ணுதானேப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேவுகப்பெருமாள் இவர்களைக் கண்டதும் நேராக வந்தார். சரவணனைத் தாண்டி ஸ்ரீதர் முன்னால் போய் நின்றார்.

"பெங்களூர்ல இருந்து வந்த தம்பி நீதான? நீதான் இந்த டைம்அவுட்டை நோண்டிக்கிட்டு இருக்கேன்னு உங்க ஆபீஸ்ல அன்னைக்கே போன்ல சொன்னாக. ஒன்பது வருசமா எங்க சரவணன் கையில இருந்துச்சு, ஒரு கொத்தமல்லிக் கட்டு கூடுதலா வந்ததில்ல. தெரியாத வேலையில எதுக்குப்பா கைய வைக்கிற?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீதரின் காது சிவந்தது. "தப்பு நடந்துருச்சுண்ணே. என்ன செய்யணுமோ செய்யிறோம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

சரவணன் வாயைத் திறந்திருக்கலாம். 'நான்தாண்ணே' என்ற ஒரு சொல் போதும். 'எங்க சரவணன்' என்று அவர் சொன்னது காதில் தேனாக இறங்கியது. எத்தனை மாதமாகிவிட்டது, இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற இடத்தில் ஒருவர் தன்னை உயர்த்திச் சொல்லி! சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, கைபேசியை எடுத்து மற்ற கான்ட்ராக்டர்களைக் கூப்பிட ஆரம்பித்தான். திருப்பத்தூரில் ஒரு வளைகாப்பு, நெற்குப்பையில் ஒரு கல்யாணம். யார் யாருக்கு எது தேவைப்படும் என்று அவனுக்கு மனப்பாடம். மத்தியானத்துக்குள் பாதிச் சரக்குக்கு வழி பண்ணினான். மண்டிக்காரரிடம் பேசி ஒரு வண்டியை அப்படியே திருப்பினான். தயிரை வழியிலேயே நிறுத்தினான். ஸ்ரீதர் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சாக்கு ஏற்றுகிறவர்களோடு சாக்கு ஏற்றினான்.

திரும்பும் வழியில் பிள்ளையார்பட்டியில் டீ குடிக்க நின்றார்கள்.

"நீங்க ஏத்துனதைக் காலையிலயே எடுத்துட்டேன் அத்தான்" என்றான் ஸ்ரீதர். "இன்னும் ரெண்டு பட்டியல் இதே மாதிரி போயிருந்துச்சு. கடைக்காரங்களுக்குப் போன் போட்டு நிறுத்தியாச்சு."

அப்படியென்றால் கிளம்பும்போதே இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அத்தனை திட்டையும் வாங்கியிருக்கிறான்.

"அப்புறம் ஏன் அங்க சொல்லல?"

"அவுக உங்க ஆளுக. உங்க மேல உள்ள நம்பிக்கையிலதான் இதை வச்சிருக்காக. நான் நேத்து வந்தவன். என்னைத் திட்டுனா என்ன இப்ப?"

வேறு யாருக்காவது நன்றி பொங்கியிருக்கும். சரவணனுக்கு ஆத்திரம்தான் வந்தது. மூளைதான் அவனுக்கு என்றால், இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கேதானா? மிச்சம் வைக்கமாட்டானா ஒன்றையாவது?

அலுவலகத்தில் மறைக்க வழியில்லை. ஏற்றியது யார் என்று சத்தியப்பிரியாவுக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. கடைக்காரர்களுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஆன நஷ்டத்தைத் தானே பேசித் தீர்த்தாள். பிறகு கூப்பிட்டுச் சொன்னாள். "சரவணன், இனிமே நீங்க எழுதுறதை ஸ்ரீதர் ஒருக்காப் பாத்த பெறகுதான் ஏத்தணும். அவர் எழுதுறதை நீங்க பாருங்க. மனசுல வச்சுக்காதீக."

ஒன்பது வருஷம் யாரையும் கேட்காமல் எழுதி ஏற்றியவனுக்கு, இனி மச்சினன் கையெழுத்து வேண்டும். இதைவிட வேறு தண்டனை எதற்கு என்று நினைத்துக்கொண்டான். சேவுகப்பெருமாளிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டதற்கு அதையே காரணமாகவும் வைத்துக்கொண்டான். பட்டது போதும்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது ராஜப்ரியா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். ஸ்ரீதருக்கு ஆத்தங்குடியில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். கிருஷ்ணப்ரியா என்று பேர், மர ஆசாரி வீட்டுப் பெண், பள்ளிக்கூடத்தில் டீச்சர். எல்லாம் கூடிவந்திருந்தது. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை எப்படி என்று பலபேரிடம் விசாரித்ததில் ஒருவர் சேவுகப்பெருமாள். அந்த வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல்.

"வேலை தெரியாத பையன், கல்யாண வீட்டையே கெடுக்கப் பாத்தான்னு சொல்லியிருக்காக. பெங்களூர்லயும் அதுனாலதான் அனுப்பிட்டாக போலன்னு பொண்ணு வீட்டுல பேச்சாம்" என்றாள் ராஜப்ரியா. "அவன் அப்பிடியாங்க? நீங்களே சொல்லுங்க. உங்க கூடத்தான வேலை பாக்குறான்?"

சரவணன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தான். அந்த நேரத்தில்கூட உள்ளே ஒரு மூலையில், அவனுக்கும் ஒன்று கைகூடாமல் போகட்டுமே என்று ஒரு குரல் முணுமுணுத்தது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று தெரிந்தபோது அவனுக்கே உடம்பு கூசியது.

"நான் பண்ணுனது" என்றான்.

"என்னது?"

"அந்த மூணு வண்டி. அவசரப்பட வேண்டாம்னு அவன் சொல்லியும், அவன் இல்லாத நாளாப் பாத்து நான் ஏத்துனேன். எல்லாருக்கும் முன்னால அவனைத் திட்டுனப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் சொல்லல."

ராஜப்ரியாவின் அழுகை நின்றுவிட்டது.  "பூ வாங்கிட்டு வந்தீகளே, அன்னைக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று மட்டுமல்ல, மறுநாளும் அவனிடம் பேசவில்லை.

மறுநாள் காலை சேவுகப்பெருமாள் நெற்குப்பையில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். சரவணன் பைக்கை நிறுத்திவிட்டு நேரே அடுப்படிக்குப் போனான். அவர் பெரிய உருளியில் சாம்பார் கொதி பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப அந்தத் தம்பி தெரிஞ்சேதான் வாங்கிக்கிச்சா?"

"ஆமாண்ணே."

"நீ பாத்துக்கிட்டு நின்னே."

"ஆமாண்ணே."

"ஏன்டா?"

"அவனை எல்லாரும் தூக்கி வச்சுப் பேசுறாக. தாங்கல."

சேவுகப்பெருமாள் உப்புப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். "எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் வச்ச ரசத்தை நான் ஒரு நாளும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல" என்றார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "பந்தி முடியட்டும். ஆத்தங்குடிக்குப் போவோம். நான் சொன்னதை நானே மாத்திச் சொல்லணும். ஆனா நீயும் வாயைத் தொறக்கணும்."

மூன்று மணிக்கு ஆத்தங்குடியில், பெண்ணின் அப்பா பட்டறையில் இழைப்புளியோடு இருந்தார். சேவுகப்பெருமாள் தன் பங்கைச் சொன்னார். பெண்ணின் அப்பா கேட்டுவிட்டுச் சரவணனைப் பார்த்தார்.

"நீங்க மச்சினனைப் பத்தி நல்லதாச் சொல்ல வந்திருக்கீகளா, இல்ல உங்களைப் பத்திக் கெட்டதாச் சொல்ல வந்திருக்கீகளா?"

"ஒண்ணைச் சொல்லாம இன்னொண்ணைச் சொல்ல முடியலண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கிருந்து நல்ல சேதி வந்தது. கல்யாணம் தை மாதம் என்று முடிவாயிற்று. ஆத்தங்குடிக்குப் போய்வந்ததைச் சரவணன் ஸ்ரீதரிடம் சொல்லவில்லை. ராஜப்ரியாவிடம் சொன்னான், அவள் தம்பியிடம் சொன்னாளா என்று அவனுக்குத் தெரியாது.

புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதம் முழுக்க இரண்டு பேரும் உட்கார்ந்து டோக்கன் வேலையைச் செய்தார்கள். ஸ்ரீதர் எழுதிய வேலை சுத்தமாக இருந்தது. எவ்வளவு தேடியும் குற்றம் கிடைக்காத நாட்களில் சரவணனுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாள் கிடைத்தது. திரையில் 'வேலை நடக்கிறது' என்று ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது ஆகாது மாப்ள" என்றான் சரவணன். "மூணு நிமிஷம் சக்கரம் சுத்துனா நம்ம ஆளுக நம்ப மாட்டாக. போன் போட்டுருவாக. மண்டி ஒத்துக்கிருச்சு, தயிர்க்கடை ஒத்துக்கிருச்சு, இலை பாக்கின்னு ஒவ்வொண்ணாக் காட்டணும்."

ஸ்ரீதர் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். "இது எனக்குத் தோணவே இல்ல அத்தான்."

அன்று வீட்டுக்குப் போகும்போது சரவணனுக்குப் பசி நன்றாக எடுத்தது.

ஐப்பசியில் இரண்டாயிரம் இலைப் பட்டியல் ஒன்று போனது. நாலு நிமிஷம் ஒன்பது விநாடி எடுத்துக்கொண்டது. வாசல் கதவு தன் பாட்டுக்குச் சாத்தித் திறந்தது, யாருக்கும் தெரியவில்லை. அதை அனுப்பிய மதுரைக் கான்ட்ராக்டர், பட்டன் பூட்டு விட்டதும், சந்தேகத்தில் இன்னொரு தடவை அனுப்பிப் பார்த்தார். ஆர்டர் ஒன்றுதான் போனது. சேவுகப்பெருமாள் போன் பண்ணி, ஸ்ரீதரைக் கூப்பிடச் சொல்லி, "தம்பி, ஜோரா இருக்குப்பா" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாரும் கேட்டார்கள். தன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை வரும் என்று சரவணன் காத்திருந்தான். அவர் போனை வைத்துவிட்டார்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அது போகவில்லை. அதன் குரல் எது, தன் குரல் எது என்று இப்போது கொஞ்சம் அடையாளம் தெரிந்தது. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, தான் எழுதிய ஒரு திருத்தத்தை ஸ்ரீதரிடம் காட்டினான். ஸ்ரீதர் வாசித்துக்கொண்டிருக்கும்போது, "உன்னைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது மாப்ள. இன்னும் நிக்கல" என்றான்.

ஸ்ரீதர் திரையிலிருந்து தலையைத் தூக்கினான். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 

"ஆத்தங்குடிக்கு நீங்க போய்ட்டு வந்தது தெரியும் அத்தான்" என்றான். "எரிஞ்சாலும் போனீகள்ல."

பிறகு திரையைச் சரவணன் பக்கம் திருப்பினான். "இந்தாங்க, ரெண்டாவது வரியில கடை நம்பர் விட்டுப்போச்சு. பாருங்க."

சரவணன் குனிந்து பார்த்தான். விட்டுத்தான் போயிருந்தது. முகம் சுடச்சுட அதைத் திருத்தி, மறுபடி காட்டினான். இந்தத் தடவை ஸ்ரீதர் ஒன்றும் சொல்லாமல் ஏற்றிவிட்டான்.